முப்பத்திரண்டு பிட்டும் உன் பெயரும்

இன்று காலை திரையில் ஒரு மைனஸ் எண் வந்து நின்றது. வாடிக்கையாளரின் அர்ரேயில், அந்த நீண்ட எண் வரிசையில், ஓர் இடத்தைத் தேடிப் போன எண், இருநூற்றுப் பதினான்கு கோடியைத் தாண்டியதும் திரும்பி மைனஸாகிவிட்டது. நிரல் அங்கேயே விழுந்து கிடந்தது. எனக்கு உன் சிரிப்புதான் முதலில் கேட்டது.

திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு நம் வேலையை விளக்கினாயே, நினைவிருக்கிறதா? நான்கு வருடம் படித்தும் எனக்குச் சொல்ல வராதது அது. "மனுஷன் எழுதுற புரோகிராம சிப்புக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்குறோம்ப்பா. அதான் கம்பைலர்."

"அதுல இன்னா தப்பு வரும்?" என்றார் அப்பா.

"ஷேர் ஆட்டோ மாதிரிப்பா. முப்பத்திரண்டு பிட்ல இருநூத்திப் பதினாலு கோடி பேருக்குத்தான் எடம். இன்னும் ஒர்த்தர் வந்தா, எடம் இல்லன்னு சொல்லாது. ரோட்ல உக்கார வெச்சிட்டு, ஏறிட்டாருன்னு சொல்லிடும்."

"நம்ம ஆவடி ஆட்டோக்காரனே தேவலாம் போலகீதே!" அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

அடுத்த வாரமே நம் குழுத் தலைவரிடம் போய் நின்றாய். "அறுபத்து நாலு பிட்டே வெச்சிடலாம் சார்."

"வேகம் போயிடும்மா. அவ்ளோ பெரிய அர்ரே யாரு வெச்சிருக்கா?"

"இன்னிக்கி இல்ல சார். நாளைக்கி வெப்பாங்க."

"சொன்னதச் செய்ம்மா."

உனக்குப் பின்னால் மடிக்கணினியோடு என் முறைக்காக நின்றிருந்தேன். வேறு யாரும் அங்கே இல்லை. நீ வந்து உட்கார்ந்து, அவர் சொன்னபடியே அடித்தாய். அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாய்.

ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயர் அதன் பக்கத்திலேயே தெரியும் அல்லவா? இன்றைய கூட்டத்தில் அந்த முப்பத்திரண்டு பிட் வரிக்குப் பக்கத்தில் உன் பெயர். "அந்தப் பொண்ணு எழுதினது. பாவம், இப்ப கேக்கவும் முடியாது" என்றார் குழுத் தலைவர். எல்லோரும் தலை குனிந்தார்கள். அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. "'முன்னாள் ஊழியரின் கவனக்குறைவு'ன்னு ஒரு வரி போட்டாப் போதும்மா."

இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்குகிறவள் நான். எங்கள் வீடு என் சம்பளத்தில் ஓடுகிறது. என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மதியம் போனது.

கடைசியில் எழுந்து போனேன். "சார், அவ அறுபத்து நாலுதான் கேட்டா. நான் பின்னாடி நின்னேன்."

அவர் நிமிரவில்லை. "சரி, 'குழுவின் முடிவு'ன்னு போடு. யாருக்கும் பிரச்சனை இல்ல."

அந்தக் குழுவில் நீயும் இருக்கிறாயே! இருக்கைக்குத் திரும்பி எழுதினேன்: முப்பத்திரண்டு பிட் போதும் என்பது குழுவின் முடிவு. ஒருவர் மறுத்தார். உன் பெயரை முழுதாக எழுதினேன். உடனிருந்தவள் என்று என் பெயரையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

 நாளையும் அம்பத்தூர் அலுவலகத்தில் அதே இருக்கைதான், அவர் பார்வை விழும் வரிசை. வேலையை விட என்னால் முடியாது.

சாயங்காலம் அந்த வரியை அறுபத்து நாலுக்கு மாற்றிச் சேமித்தேன். பக்கத்தில் இருந்த உன் பெயர் போய், என் பெயர் வந்து உட்கார்ந்தது.  இனி ஏன் மாற்றினாய் என்று கேட்பவர்கள் என்னிடம்தான் வருவார்கள். அவள் கேட்டாள், அதனால் மாற்றினேன் என்று சொல்வேன்.