மொட்டைத் தலைக்கு ஒரு தொப்பி

வேளாங்கண்ணி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் குழந்தை லின்சியும் நன்றாக இருக்கிறோம். அந்தக் குவைத் வெயிலில் நீங்களும் நல்லபடியாக இருக்க வேண்டும். லீவு முடிந்து காதர் மைதீன் அண்ணன் புதன்கிழமை அங்கே திரும்புகிறார். அவர் கையில் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் என் வாயில் வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மெஸ் நடக்கிறது. ஆனால் அடுப்படியில் நிற்பதை விட ஜெராக்ஸ் கடையில்தான் அதிகம் நிற்கிறேன். மெஸ்ஸின் உணவுப் பாதுகாப்புப் பதிவைப் புதுப்பித்தேன். தண்ணீர்ப் பரிசோதனைச் சான்று கேட்டார்கள். அதைக் கொடுத்ததும் எனக்கும் செவ்வந்திக்கும் மருத்துவச் சான்று. பாத்திரம் தேய்க்கிற செவ்வந்தியை டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னாராம். இட்லிக் கொப்பரைக்கும் என் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடமே கேட்டுவிட்டாள். அப்புறம் பூச்சி மருந்து அடித்ததற்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று. கடைசிச் சான்றை வாங்குவதற்குள் முதலில் வாங்கியது காலாவதியாகிவிடுகிறது. நாலு மேசை போட்ட நமக்கும் பெரிய ஓட்டலுக்கும் ஒரே கேள்விகள்தான். அங்கே இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். இங்கே சமையலும் நான்தான், அந்த ஆளும் நான்தான்.

சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லின்சிக்குச் சமைக்கிற சட்டியில்தான் ஊருக்கும் சமைக்கிறேன்.

போன மாதம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்த நேரம், மணப்பாறையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குச் சங்கரா மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்கு வருகிறவர்கள் கடற்கரையில் மீன் வாங்கி வருவதும், நாம் மசாலா தடவிக் கூலிக்குப் பொரித்துக் கொடுப்பதும் நீங்கள் அறியாததா? மீனுக்கு பில் எங்கே என்றார். கரையில் கூடையிலிருந்து அள்ளிக் கொடுத்த மீனுக்கு எந்த அம்மா பில் போடுவாள்? இனி மீன் சமைப்பதென்றால் பில் இருக்க வேண்டும், பச்சை மீன் கழுவத் தனி அறை வேண்டும், திருவிழாக் கொடியேற்றத்துக்குள் கட்டாவிட்டால் மெஸ்ஸை மூட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவர் முகமே வாடிப்போனது.

நீங்கள் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அறை கட்டிவிடலாம் என்கிறார் உங்கள் தம்பி ஆண்டனி. உங்களிடமும் சொல்லியிருப்பார். நீங்களும் சரி என்றிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

இப்போது ஒன்று சொல்கிறேன், பதறக்கூடாது. எட்டு நாளைக்கு முன் மாதாவுக்கு முடி கொடுத்துவிட்டேன். முதல் நாள் லின்சி கிட்டவே வரவில்லை. இப்போது தடவித் தடவிப் பார்க்கிறாள். அதிகாரி மறுபடி வந்து, சமைக்கிறவர் தலையில் தொப்பி இல்லை என்று குறை எழுதினார். இந்தத் தலையிலிருந்து எந்த முடி சார் சோற்றில் விழப்போகிறது என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாரே தவிர எழுதியதை அடிக்கவில்லை. இப்போது மொட்டைத் தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டுதான் தோசை சுடுகிறேன். செவ்வந்தி என்னை நர்ஸம்மா என்று கூப்பிடுகிறாள்.

மெஸ்ஸுக்காக வேண்டிக்கொண்டேன் என்று தெருவே நினைக்கிறது. நினைத்துக்கொள்ளட்டும். மீனை அடியோடு விட்டுவிட்டால் தனி அறை வேண்டாமாம், அதிகாரியிடமே கேட்டுவிட்டேன். இட்லி, தோசையோடு சின்னதாக நடத்தலாம். வருமானம் குறையும். குறைந்தால் குறையட்டும், இரண்டு பேர் சேர்ந்து சமாளிக்க முடியாததா?

நீங்கள் இரண்டு வருஷம் கழித்து வந்தால் என் முடி தோளைத் தாண்டி வளர்ந்திருக்கும். மாதாவிடம் நான் என்ன கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் கையெழுத்துப் போடும் முன் இதை இன்னொரு தடவை படியுங்கள். நான் மொட்டையாக இருக்கும்போதே வந்து, ஆசை தீரக் கேலி செய்யுங்கள். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
அருள்ஜோதி