மூன்று படங்களிலும் மழை இல்லை

பிரியமான சவரி சித்தப்பாவுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். போன வருடம் இதே நாளில் உங்கள் மேல் போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது. இந்த வருடம் கல்லறை கட்டியாகிவிட்டது. அப்பா காலையிலேயே சுண்ணாம்பு வாளியோடு போய் வெள்ளை அடித்துவிட்டு வந்தார். வந்தவர் கைகூடக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நம் கோவிலின் பங்கு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். 'இறைவனடி சேர்ந்தார்' என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு. இயற்பியல் எடுத்திருக்கிறேன். குத்தாலம் கடைத்தெருவில் உங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்த இடத்தில் செருப்புக் கடை வந்துவிட்டது. பள்ளி விட்டு வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆனால் அங்கே மூன்று விதமான வானிலைக் கணிப்புப் படங்களைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நாளைய மழையைச் சொல்வீர்கள். "எல்லாருக்கும் வணக்கம், சவரி பேசுறேன்." அந்தக் குரல் வந்த பிறகுதான் அறுவடை மிஷினுக்குச் சொல்லி அனுப்புவார்கள். டிவியில் சொல்லும் மழை மாவட்டத்துக்கு. நீங்கள் சொல்லும் மழை எங்கள் வயலுக்கு.

நீங்கள் போவதற்கு முந்தின குறுவையில் ஒரு நாள் படங்களில் மழை இல்லை. ஆனால் நீங்கள், "எனக்கு என்னமோ சரியாப் படல, நெல்லு மேல மூடுன படுதாவைப் பிரிக்காதீங்க" என்றீர்கள். ஊரே கேட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் சுள்ளென்று வெயில். படுதாவுக்குள் ஈர நெல் புழுங்கிக் கறுத்துப்போனது.

"நம்ம சவரி மூக்குலயே ரேடார் வச்சிருக்காருப்பா" என்று பக்கத்து வயல் கலியமூர்த்தி மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர் சொல்றத மட்டும் சொல்லுடா. ஒனக்குத் தோணுறத ஒன் வீட்டோட வச்சுக்க" என்றார். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். அதற்குப் பிறகு எந்தச் செய்தியிலும் 'எனக்குத் தோணுது' என்ற சொல்லே வரவில்லை.

போன வருடக் குறுவையில் அரசு கொள்முதல் நிலையத்துக்கு வெளியே வரிசையாக நெல் குவியல்கள். ஈரம் அதிகமாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். எப்படியாவது காயவைத்தாக வேண்டும். மூன்று படங்களிலும் மழை இல்லை. நீங்கள் அதைத்தான் சொன்னீர்கள். "நாளைக்கு மழை இல்லை. படுதாவைப் பிரிச்சுக் காயவிடலாம்."

மேரி சித்தி பிறகுதான் சொன்னார். அந்தச் செய்தியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கொல்லைப்பக்கம் போய் நின்றீர்களாம். "காத்து செத்துக் கெடக்கு மேரி. எனக்கு இது புடிக்கல" என்றீர்களாம். "அப்ப அதச் சொல்ல வேண்டியதுதானே?" என்று சித்தி கேட்டதற்கு, "எதை வச்சுச் சொல்றது?" என்றீர்களாம்.

எங்கள் பாடப் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் அலகு இருக்கிறது சித்தப்பா. மனசுக்குள் உறுத்துவதற்கு மட்டும் இல்லை. உங்கள் உறுத்தல் ஒரு தடவை தப்பியது. கம்ப்யூட்டரும் ஒரு தடவை தப்பியது. கம்ப்யூட்டரை யாரும் கேலி செய்யவில்லையே, ஏன்?

மறுநாள் மத்தியானம் மேற்கே கறுத்தது. நீங்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கில் வந்தீர்கள். அங்கே உங்களுடையது என்று ஒரு பிடி நெல்கூடக் கிடையாது. ஒவ்வொருவர் குவியலாக ஓடி ஓடிப் படுதா இழுத்தீர்கள். இடி விழுந்தபோது உங்கள் கையில் இருந்தது எங்கள் படுதாவின் முனை. மறுமுனை அப்பா கையில்.

அப்பாவுக்கு இன்னும் இடது காது கேட்கவில்லை. அன்றைக்கு நனைந்த நெல் முளைத்துவிட்டது. அடக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர்கூட நெல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தக் குறுவைக்கு குரூப்பில் மழை சொல்ல ஆள் இல்லை. அவரவர் போனை அவரவர் பார்த்தார்கள். ஒருவர் போனில் மேகம், இன்னொருவர் போனில் சூரியன். போன வாரம் எங்கள் நெல்லும் வரிசையில் கிடந்தபோது அப்பா வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் படமெல்லாம் ஒனக்குப் பாக்கத் தெரியுமா?"

"ஓரளவு தெரியும்ப்பா."

"அப்ப பாத்து எல்லாருக்கும் சொல்லு."

பார்த்தேன். இரண்டில் மழை இல்லை, ஒன்றில் இருந்தது. மாடிக்குப் போய் நின்றேன். எனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை சித்தப்பா. வெறும் வானம்தான் தெரிந்தது. நீங்கள் அங்கே நின்றிருந்தால் என்ன பார்த்திருப்பீர்கள்?

"சவரி சித்தப்பா வீட்டு ரோஸ்லின் பேசுறேன். ரெண்டு படத்துல மழை இல்ல, ஒண்ணுல இருக்கு. எனக்கு உறுதியாத் தெரியல. பாதியை மட்டும் பிரிங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

கலியமூர்த்தி மாமாவிடமிருந்து உடனே பதில். "தெரியலங்கறதுக்கு ஒரு மெசேஜாம்மா? அது எனக்கே தெரியுமே!"

மறுநாள் பள்ளி விட்டு நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அப்பா பாதியைத்தான் பிரித்திருந்தார். சற்று நேரத்தில் முதல் இடிச் சத்தம் கேட்டது. கலியமூர்த்தி மாமா தன் படுதாவைப் பிடித்து இழுக்க ஓடினார். "விடுய்யா! போனாப் போவுது, உள்ள வாய்யா!" என்று அப்பா கத்தினார். அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எல்லாரும் கட்டடத்துக்குள் நின்று, வெளியே நெல் நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை விட்ட பிறகும் அப்பா என் மணிக்கட்டை விடவில்லை.

மழையைச் சரியாகச் சொல்வேன் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் முடியாது. நிறையப் படித்த பிறகும் முடியுமா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தருகிறேன். இனி ஒவ்வொரு சாயங்காலமும் வணக்கம் சொன்ன கையோடு, "இடி கேட்டா நெல்லை விட்டுட்டு உள்ள போயிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படங்களைப் பற்றிப் பேசுவேன். வெயில் காயும் நாளிலும் சொல்வேன். கேலி செய்தாலும் சொல்வேன்.

உங்கள் அண்ணன் மகள்,
ரோஸ்லின்