முன்னுரையில் என்னைப் பற்றி ஒரு வரி

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன். சாயங்காலம் பதிப்பகத்துக்காரர் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்களை வாங்க வருவார். பட்டியல் டிராயரில் இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டர் புத்தகத்தின் பயிற்சிகளை ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்து, நாற்பத்தொரு தப்பு பிடித்துக் கொடுத்தவள் நான். "நீ இல்லேன்னா என் மானம் கப்பலேறியிருக்கும்" என்றீர்கள். முன்னுரையை மட்டும் என் கண்ணில் காட்டவில்லை. இன்றுதான் அதை அச்சில் படித்தேன்: 'கம்ப்யூட்டர் பற்றி ஒன்றுமே தெரியாத என் மனைவிக்கே புரிந்த புத்தகம் இது.'

சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

மறந்துவிட்டேன்: ஏழாம் பாடத்தில் இன்னொரு பெரிய தப்பு இருக்கிறது. பட்டியலில் எழுதவில்லை. ஒன்றும் தெரியாதவள் என்னத்தை எழுத?