இங்கே எங்களுக்கு வயதாகவில்லையாம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற ஒரே தெம்பில்தான் அம்மா இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். குட்டிக்குச் சளி விட்டதா, தூங்கும்போது மின்விசிறியை நேராக அவள் மேல் திருப்பி வைக்காதே, அந்த வயதில் நீயும் அப்படித்தான் நெஞ்சு கரகரவென்று இழுத்துக்கொண்டு கிடப்பாய். தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் திக்கென்றிருக்கும். அதெல்லாம் ஒரு பேச்சா கண்ணு. இந்த ஒற்றை அறையில் அப்பாவுக்குக் கேட்காமல் நான் தும்மக்கூட முடியாது. இருப்பது ஒரே போன், அதுவும் அவர் சட்டைப்பையில். நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் வாயைத் திறந்தால் ஒரு முறைப்பு. அதனால்தான் நானும் என்ன சமையல், குட்டி என்ன செய்கிறாள் என்றே சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் டயாலிசிஸ் அறைக்குள் இருக்கிறார், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸிடம் நாலு தாள் வாங்கி, மடியில் பையை வைத்து அதன்மேல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ இந்த நாட்டில் வேலையில் இருந்தபோது எங்களை அழைத்துக்கொண்டாய், பிறகு கம்பெனி உன்னை அங்கே மாற்றியது, அங்கே பெற்றவர்களைக் கூட்டிக்கொள்ள இன்னும் காலம் பிடிக்கும் என்றாய். அப்பாவுக்கு இங்கே வைத்தியம் ஒத்துப்போயிருந்தது, டாக்டரும் நல்லவர், ஓய்வு பெற்ற வெளிநாட்டவருக்கு என்று தனி விசா இருக்கிறது, அவர் பென்ஷனைக் காட்டினால் போதும், நீ நிம்மதியாகப் போய் வா என்று நாங்கள்தான் உன்னை அனுப்பினோம். அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் மூன்று பேருக்குமே தெரியாத ஒன்று இருந்தது. மருந்துக்கடையிலும் பஸ்ஸிலும் இந்த ஆஸ்பத்திரியிலும் எங்களுக்கு முதியோர் சலுகை கிடைத்துக்கொண்டிருந்ததே, அது எங்கள் நரைத்த தலைக்குக் கிடைத்தது இல்லையாம். பிள்ளை இங்கே வேலை பார்த்து வரி கட்டும்வரைதான் அவளைச் சார்ந்த பெற்றவர்களுக்கு அது உண்டாம். நீ விமானம் ஏறிய அன்றே அது போய்விட்டது. மருந்துக்கடைக்காரி எங்கள் முகத்தைப் பார்த்தே குறைத்துப் போட்டுக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலும் பழைய பதிவை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லா இடத்திலும் முதியோர் அட்டையைத் தேய்க்கிற புது மெஷின் வந்தது, எங்கள் அட்டையைத் தேய்த்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. மருந்துக்கடைக்காரி பாவம், தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், துணியால் துடைத்துவிட்டும் பார்த்தாள்.

முதியோர் அலுவலகத்துக்கு நானும் அப்பாவும் போனோம். அந்த அதிகாரி உன் வயதுதான் இருப்பாள், எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினாள். இந்த நாட்டுக் குடிமக்களுக்கு அறுபது ஆனால் தானாகக் கிடைக்கும், ஓய்வு விசாவில் இருக்கிற வெளிநாட்டவருக்கு எத்தனை வயதானாலும் கிடையாது, நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கினால் யோசிக்கலாம், ஆனால் அதற்கு அறுபதுக்கு முன்னாலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று சொன்னாள். கிழவர்களுக்கான சலுகையை இளமையிலேயே வந்து கேட்டிருக்க வேண்டுமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, பிறகு முகம் வாடிவிட்டது. “உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா எங்க சட்டத்துல நீங்க முதியவர் இல்ல” என்றாள். நான் கெஞ்சலாம் என்று வாயெடுத்தேன். அப்பா எழுந்து, விவரமாகச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டார்.

உனக்குத்தான் அவரைத் தெரியுமே. வேலையிலிருந்த காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர், யாருக்குச் சலுகை உண்டு யாருக்குக் கிடையாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர், விதி என்று வந்துவிட்டால் சொந்தத் தம்பியைக்கூட விட்டதில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் முதியோர் இருக்கை காலியாக இருந்தது, உட்கார மாட்டேன் என்றுவிட்டார். நமக்கு அதில் உரிமை இல்லை என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள், அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பார்த்துவிட்டேன், ஆனால் வீங்கின காலோடு ஒருவர் சட்டத்துக்கு மரியாதை கொடுத்து நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சலுகை போனபிறகு வாடகைக்கும் வைத்தியத்துக்கும் சேர்த்துப் பென்ஷன் போதாது. நான் கணக்குச் சொல்லி உன்னை அடிக்கப்போவதில்லை, ஒன்றைச் செய்தால் இன்னொன்று இல்லை என்ற நிலைமை, அவ்வளவுதான். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவை உனக்கு நினைவிருக்கும், உன் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக் கொடுத்தாளே, அவளுக்கும் எங்கள் வயதுதான், இந்த நாட்டுக்காரி. விஷயம் தெரிந்ததும் அவள் தன் அட்டையை என் கையில் திணித்து, “என் பேர்ல வாங்கிக்கோ, யார் கேக்கப்போறா” என்றாள். நான் அப்பாவிடம் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். தப்பென்று தெரியாமல் இல்லை கண்ணு. அவருக்கு ரத்தம் ஊற ஒரு ஊசி, அது இல்லாவிட்டால் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார், அதை நினைத்தால் எனக்கு வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் ஓடியது. ஒருநாள் கடையில் புது மேலாளர் நின்றுகொண்டிருந்தார், அட்டை தையல்காரம்மா பெயரில் இருக்கிறது, இந்த ஊசி அவருக்கு எதற்கு என்று அங்கேயே அவளுக்குப் போன் போட்டுவிட்டார். அவள் எனக்காகத்தான் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவள் அட்டையை முடக்கிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் வெறுங்கையோடு வெளியே வந்தேன், எந்தப் பக்கம் வீடு என்றே சட்டென்று புரியவில்லை.

இப்போது அவளுடைய முழங்கால் மாத்திரைக்கு அவளே முழு விலை கொடுக்கிறாள், தையலும் முன்போல் வருவதில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மாலை மேலே ஏறி வந்து கதவைத் தட்டி, அப்பாவுக்கு ஊசி எப்படியாவது கிடைத்ததா என்று கேட்டாள். உள்ளே இருந்த அப்பாவுக்கு அப்படித்தான் எல்லாம் தெரிந்தது. அவர் கீழே போய் அவள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார், மேலே வந்து மூச்சு வாங்கி அடங்கிய பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அடுத்தவங்க பாஸ்ல ஏறுனவங்கள இறக்கிவிடறதுதான் என் வேலையா இருந்துச்சு. எனக்காக உன்ன எல்லார் முன்னாடியும் இறக்கிவிட்டுட்டாங்களே.” அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. நானும்தான்.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம், நிதானமாகப் படி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டயாலிசிஸுக்குத் தனியாகவே போய்வருகிறேன், நீ வந்து பெஞ்சில் காத்துக்கிடக்காதே என்றார். கோபத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். போன வாரம் டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்க்கிற நர்ஸ், எங்கள் போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை என்று, அவசரத்துக்கு நாங்கள் கொடுத்திருந்த தையல்காரம்மா கடை நம்பருக்குப் போன் செய்து, வாரத்துக்கு மூன்று முறை வர வேண்டிய உங்கள் மேல்வீட்டுக்காரர் ஏன் ஒருமுறைதான் வருகிறார் என்று கேட்டிருக்கிறாள். நான் ஓடினேன். ஆஸ்பத்திரியில் இல்லை, அவர் பேப்பர் படிக்கப் போகிற நூலகத்தில் இல்லை. பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தேன், கடைசி நடைமேடையில் உட்கார்ந்து, ஏறுகிறவர்கள் டிக்கெட் எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். காலில் ஷூ நுழையாமல் குதிகாலை மிதித்துப் போட்டிருந்தார். முகமெல்லாம் ஊதி, கண் சின்னதாகி, வேறு யாரோ மாதிரி இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என்னங்க இது என்றேன். “பென்ஷன் மொத்தமும் எனக்கே செலவாகிட்டா நீ எப்படி இருப்ப? எனக்கப்புறம் நீ இருக்கணும்ல” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பொது இடம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வாரத்துக்கு ஒருமுறை என்றால் அது வைத்தியமே இல்லை, இதயத்தில் தண்ணீர் சேர ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் மழைக்காலம்வரை தாங்குவாரா என்று சொல்ல முடியாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இந்த வாரம் நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூட வருவதால் வருகிறார். ஆனால் இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வேன், என்னை வற்புறுத்தாதே என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்கே தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடக்கிறேன்.

நீ பணம் அனுப்பினால் தீராது. அனுப்பினால் அதையும் என் பெயரில் போட்டுவைத்துவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் நிலையத்துக்குப் போய்விடுவார். வேலையை விட்டுவிட்டு இங்கே திரும்பி வா என்றும் நான் கேட்க மாட்டேன். நம் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன் சித்தப்பா கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது என்று எப்போதும் சொல்வார், ரயில்வே ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றவருக்கு டயாலிசிஸ் உண்டு, அங்கே அவரை யாரும் வயது என்ன, எந்த நாடு என்று கேட்க மாட்டார்கள். விமானம் ஏறுவதற்கு முன்னாலும் இறங்கிய பிறகும் டயாலிசிஸ் செய்தால் பயணம் செய்யலாம், கூட ஒருவர் வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். நான் ஒருத்தி அவரையும் பெட்டியையும் தூக்க முடியாது. எல்லாவற்றையும்விட, நான் சொன்னால் அவர் கிளம்ப மாட்டார், தம்பிக்குப் பாரமாகப் போக மாட்டேன் என்பார். நீ நேரில் வந்து நின்றால் மறுக்க மாட்டார். நீ குழந்தையாக இருக்கும்போது அடம்பிடித்து அவரை எத்தனை விதியை மீற வைத்திருக்கிறாய். இந்த ஒருமுறை அடம்பிடி. லீவு கிடைக்காது என்றால் கெஞ்சு, மாப்பிள்ளையிடம் குட்டியை விட்டுவிட்டு வா, அவர் நல்ல பிள்ளை, பார்த்துக்கொள்வார். நான் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன், தாமதிக்காதே.

போனில் நான் எழுதியதைச் சொல்லிவிடாதே, வருகிற தேதி முடிவானதும் அப்பாவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல். நீயும் வேலை வேலை என்று வெறும் காப்பியோடு ஓடாதே, கார் ஓட்டும்போது போனை எடுக்காதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், உன் பிள்ளையின் பிள்ளையையும் நீ மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும்.

உன் அம்மா

கடிதத்தை மடிப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், யாருக்கு என்று கேட்டார், நம் பெண்ணுக்குத்தான் என்றேன். வாங்கிப் படிப்பாரோ என்று எனக்கு உயிரே போனது. படிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, “அப்பா நல்லா இருக்காருன்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன் என்று சொன்னேன். நீ வா.