அக்கா ஊற்றி வைத்த தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

தண்ணீர் குடிப்பது ஒரு வேலையாகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உடம்பு இளைக்க வேண்டும் என்று ஆபரேஷன் பண்ணி இரைப்பையைச் சுருக்கிக்கொண்டேன். இப்போது நாள் முழுக்க இதே பிழைப்புதான். ஒரு மிடறு. காத்திருக்க வேண்டும். இன்னொரு மிடறு. கொஞ்சம் அவசரப்பட்டால் நடுநெஞ்சில் கல் மாதிரி நின்றுகொள்கிறது.

என்னைப் பார்த்துக்கொள்ள அக்கா லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் ஊற்றி நீட்டுகிறாள். நான் விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

குளியலறை வாசலில் நின்று, "என்ன கலர்ல போகுது?" என்றாள். கூடத்தில் இருந்த என் வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

"மஞ்சள்" என்றேன்.

"எந்த மஞ்சள்?"

மார்ச் 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

மத்தியானம் பழைய ரவிக்கை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றேன். பின்னால் அக்கா, கையில் அந்த மூடியோடு.

"அத அப்பறம் பாத்துக்கலாம். முதல்ல இதக் குடி."

"இப்பதானேக்கா குடிச்சேன்."

"எங்க குடிச்ச? பேசும்போதே நாக்கு ஒட்டுது."

அப்போதுதான் சொன்னேன். "நான் இளைக்கிறது உனக்குப் பொறுக்கல. அதான் என்ன நோயாளியாவே வெச்சிருக்கப் பாக்கற."

ஏன் சொன்னேன்? எங்கேயிருந்து வந்தது அந்தப் பேச்சு? பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து 'லாரியும் ட்ரெய்லரும்' என்பார்கள். அவள்தான் திரும்பி நின்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அவளைப் போய் —

அவள் மூடியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 10, திங்கள்

அக்கா போய்விட்டாள். போவதற்கு முன்னால் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, வீட்டிலிருந்த புட்டிகளிலெல்லாம் நிரப்பி மேஜைமேல் வரிசையாக வைத்தாள். என் வீட்டுக்காரரிடம் ஏதேதோ சொன்னாள். என்னிடம், "வரேன்." அவ்வளவுதான்.

மார்ச் 19, புதன்

வேலைக்குப் போய்விட்டேன். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். அந்தப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை.

எங்கள் மருந்துக் கம்பெனியில், மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் கூடத்துக்குள் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. குடிக்க வேண்டுமென்றால் வெளியே வந்து தலையுறை, அங்கி, கையுறை எல்லாம் கழற்ற வேண்டும். குடித்துவிட்டுக் கையைக் கழுவி, எல்லாவற்றையும் புதிதாக மாட்டிக்கொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் தங்கமான மனிதர். "நடுநடுவுல வந்து குடிச்சுக்கங்கம்மா. உங்க எடத்துல யாரையாவது நிக்க வெக்கறேன்" என்றார். ஒரு தடவை போய் வந்தேன். மறுபடி கிளம்பியபோது முகமூடிகளுக்கு மேலே எல்லார் கண்ணும் என்மேல். அதற்கப்புறம் போகவில்லை.

மார்ச் 22, சனி

அக்கா போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. தலைவலி.

மார்ச் 25, செவ்வாய்

"தண்ணி குடிச்சியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ம்" என்றேன். வாய்தான் காய்கிறது, தாகம் என்று ஒன்று வரவே இல்லை. வராதபோது எதற்குக் குடிப்பது?

மார்ச் 29, சனி

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். நேற்று வேலையிடத்தில் உடை மாற்றும் அறையில் விழுந்துவிட்டேன். அதற்குக் கொஞ்சம் முன்னால் போன சிறுநீர் கடுங்காப்பி மாதிரி இருந்தது. பார்த்துவிட்டு, தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன். அக்கா இருந்திருந்தால் 'எந்தக் காப்பி?' என்று கேட்டிருப்பாள்.

குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு கையிலும் தேடினாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தாகம் எடுத்தாக் குடிச்சுக்கலாம்னு இருந்தீங்களா? தாகம் வந்து சொல்லட்டும்னு இனிமே நீங்க காத்திருக்கக் கூடாது. கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. சரியாயிடும். ஆனா அடுத்த தடவையும் இப்படியே சொல்வேன்னு எதிர்பாக்காதீங்க."

மார்ச் 30, ஞாயிறு

அக்கா வந்தாள். வாசலிலேயே நின்று, குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் —"

"பேசாத. வாய் காயும்."

போர்வையை இழுத்துவிட்டாள். சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க அக்காவும் உன்னோட டாக்டர்கிட்டயே இதே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தாங்க. நீ தேறின பிறகு சொல்லிக்கலாம்னாங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன்னப் பாத்துட்டுக் கீழ எறங்கினதும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"ஏனாம்?"

"பயமா இருக்காம்."

அக்காவுக்குப் பயம். அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, முட்டி மடக்க முடியவில்லை. என் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள். 'எந்த மஞ்சள்' என்று கேட்டது எனக்காக மட்டும்தானா?

ஏப்ரல் 13, ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். நேராகச் சொன்னேன். "ஆபரேஷன் மேல தப்பில்லக்கா. நான் தண்ணி குடிக்கல. அவ்வளவுதான்."

"எனக்கும் அப்படி ஆனா? யாரு நின்னு ஊத்துவா?"

"நான் ஊத்தறேன்."

என்னைப் பார்த்தாள். குத்திக்காட்டும் பார்வை இல்லை. "உனக்கே நீ ஊத்திக்கலயேடி."



மே 20, செவ்வாய்

வெளிக்கூடத்தில் லேபிள் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், மாற்றிவிட்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள் என்று அப்போதே ஏன் தோன்றவில்லை? மேஜைமேலேயே தண்ணீர் இருக்கிறது. விடாமல் குடிக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

அக்காவுக்குச் சர்க்கரைக்கு இனி தினமும் ஊசி. எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லித்தர இன்று ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். "நானும் வரேன்" என்றேன். "வா" என்றாள்.

காத்திருக்கும் இடத்தில் நீளமான இரும்பு பெஞ்சு. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்ததே இல்லை. இன்று ஓர் அம்மாள் வந்து நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். "இங்க உக்காரலாமா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து அக்கா பக்கம் போயிருக்கலாம். போகவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?" என்று சற்றுப் பொறுத்து அந்த அம்மாள் கேட்டாள்.

"என் தங்கச்சி" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். "நீ இரு" என்றாள் அக்கா. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தவள், தன் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.