பிறந்த வீட்டுக் கோடி

தாராவி, பம்பாய்-17
மாசி 11

அன்புள்ள மாமா அவர்களுக்கு, மருமகள் செண்பகவல்லி பாதம் தொட்டு வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்து இரண்டு தரமும் அழுதேன். நீங்கள் உயிரோடு இருக்கையில் உங்கள் அக்காவின் உடலுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட இன்னொருத்தி யார் என்று கேட்டிருக்கிறீர்கள். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் எழுதிவிட்டீர்கள். கோபம் உங்கள் குடும்பச் சொத்து. அம்மாவுக்கும் அதில் சரிபாதி வந்திருந்தது. ஆனால் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான் மாமா. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

கோடி போட்டதாக நான் போன கடிதத்தில் எழுதிய சைனப் சித்தி, நம் பக்கத்து ஏர்வாடிக்காரி. எங்கள் சந்தில் எதிர்வீடு. குழாயடியில் அம்மா அவளுடைய வாளியைத் தள்ளி வைக்கப்போய், அவள் நம்மூர்த் தமிழில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். அம்மா சண்டையை அப்படியே விட்டுவிட்டு எந்த ஊர் என்று கேட்டாளாம். சொன்னதும், "அப்பம் எனக்குத் தங்கச்சில்லா நீ" என்று தன் வாளியை எடுத்துவிட்டு அவளுடைய வாளியை வைத்தாளாம். அன்று தொடங்கிய உறவு.

அம்மாவுக்குக் கடைசிவரை இந்தி வரவே இல்லை. காய்கறிக்கார மராட்டிக் கிழவியிடம் தமிழிலேயே பேரம் பேசி ஜெயித்து வருவாள். பேரப்பிள்ளைகள் இந்தியில் கேலி செய்வார்கள், இவள் தமிழில் வைவாள், கடைசியில் எல்லாரும் அவளைச் சுற்றித்தான் படுத்துக் கிடப்பார்கள். இப்போது அந்த மூலையில் பாய் விரிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

தை மாதம் படுத்தவள் எதையும் விழுங்கவில்லை. சித்தி கொண்டுவரும் நோன்புக் கஞ்சி மட்டும் இறங்கியது. தன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத நேரத்தில் அவள் உட்கார்ந்து அம்மாவுக்கு ஊட்டுவாள். மசூதியில் பாங்கு சொன்ன பிறகுதான் நோன்பு திறக்க எழுந்து போவாள்.

அம்மா விடியற்காலையில் போனாள். உடனே தந்தி கொடுத்தோம். நீங்கள் அடுத்த ரயிலே ஏறினாலும் இரண்டு நாள் ஆகும், அதுவரை வைத்திருக்க முடியுமா? குளிப்பாட்டிக் கிடத்தியதும், எங்கள் தெருப் பெரியவர் சொரிமுத்து, "பொறந்த வீட்டுக் கோடி எங்கம்மா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கடையில் ஒன்று வாங்கி வருகிறேன் என்றார். மகள் வீட்டில் வாங்குவது பிறந்த வீட்டுச் சேலை ஆகுமா? நாதியற்றவள் போல அம்மா போகப்போகிறாளே என்று நினைத்தேன்.

அப்போது சித்தி வந்தாள். நோன்புப் பெருநாளுக்கென்று வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த புதுச் சேலை கையில் இருந்தது. "அண்ணாச்சி வந்து சேர முடியாது. இத்தனை வருசமா என்னைய தங்கச்சின்னு கூப்பிட்டவ. நான் போடுதேன்" என்றாள். சொரிமுத்துவே விலகி வழிவிட்டார். அவள் உங்கள் இடத்தைப் பிடுங்கவில்லை மாமா. நீங்கள் வராத இடம் வெறுமையாகத் தெரியாமல் நின்றாள்.

நேற்று உங்கள் பார்சலும் வந்தது. தந்தி கண்ட அன்றே அக்காவுக்கு எடுத்த சேலை, இனி என்ன வேண்டுமானாலும் செய் என்று சீட்டு வைத்திருந்தீர்கள். நெடுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனேன். பெருநாளன்று பழைய சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டவள் அல்லவா அவள்.

சித்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள். "அண்ணாச்சி கையால குடுத்தா வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

மாமா, நான் கேட்டால் வர மாட்டீர்கள். உங்கள் தங்கச்சி கேட்கிறாள். ஒரு தரம் வந்து கொடுத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் காலடி இந்த வாசலில் படக் காத்திருக்கும்,
செண்பகவல்லி