ஒரு பிடி ஈசல்

நீ போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். நேற்று மத்தியானம் உன் நினைவு என்னைப் பிடித்துக்கொண்ட இடத்தைச் சொன்னால் நம்ப மாட்டாய். பெங்களூரில், என் மகள் கூட்டிப்போன ஒரு ஜப்பான் ஓட்டலில்.

அங்கே பரிமாற ஆள் வருவதில்லை. மேசையை ஒட்டி நீளமாக ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் சின்னச் சின்னத் தட்டுகள் வரிசையாக நகர்ந்து வருகின்றன. வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சுஷி என்று பெயர். புளிப்புச் சோற்றை இரண்டு விரல் அகலத்துக்குப் பிடித்து மேலே பச்சை மீனை வைக்கிறார்கள். மகள் எனக்காக வெள்ளரிக்காய் வைத்ததாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அப்போதுதான் அந்தத் தட்டு வந்தது. சோற்றின்மேல் நூல் நூலாக வெள்ளைக் குஞ்சு மீன்கள், ஒவ்வொன்றுக்கும் கடுகில் பாதியளவு கறுப்புக் கண்கள். யாரும் எடுக்கவில்லை. சுற்றிப் போய் மறுபடி வந்தது. மூன்றாம் சுற்றில் நான் கையை நீட்டிவிட்டேன்.

“அம்மா, அதுக்குக் கண்ணெல்லாம் இருக்கும்மா!”

“இருக்கட்டும்” என்று வாயில் போட்டேன். உப்பு, லேசான கசப்பு, கடைசியில் ஒரு இனிப்பு. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இன்றுவரை நான் முட்டைகூடச் சமைத்ததில்லை. ஆனால் வெளியில், ஒருவர் முன்னால் வைப்பதைத் தள்ளும் பழக்கம் என்னிடம் இல்லை. அதை எங்கே கற்றேன் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

அறுபதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், பிரசவம் பார்க்கும் நர்சாக என்னை மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் போட்டார்கள். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்து மலையேற எனக்கு ஒரு பகல் பிடித்தது. அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் ஒரு ஆள் தலையில் ஏற்றிவிட்டு, “மேல யார் ஊட்லயும் வாயில எதையும் வெக்காத கண்ணு” என்றார் அப்பா. அப்படியே இருந்தேன். யார் எதைக் கொடுத்தாலும் வயிறு சரியில்லை என்பேன். எட்டு மாதமாகவா ஒருத்திக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்? பிறகு கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த எட்டு மாதத்தில் என் பிரசவப் பையை நான் திறக்கவே இல்லை. பக்கத்துக் குடிசைகளில் பிள்ளைகள் பிறந்தன; எனக்குச் சேதி மட்டும் வரும். ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். ஓடிப் போய்ச் சேர்வதற்குள் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. திரும்பி வந்து, இந்த வேலை வேண்டாம் என்று ஒரு கடுதாசி எழுதி வைத்தேன்; கீழே போகப்போவதாக அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் நீ வந்து என் வாசற்படியில் நின்றாய். பக்கத்து வீட்டுக்காரிதான், ஆனாலும் அதுவரை நாம் அதிகம் பேசியதில்லை. என் வயதுதான் உனக்கும். முதல் பிள்ளையைப் பிறந்த அன்றே பறிகொடுத்திருந்தாய். இப்போது மறுபடி ஏழு மாதம்.

“ஏனுங்க நர்சம்மா, கீழயே போறீங்களாமா?”

“இங்கே யாருக்கு நான் வேணும்? யாராவது கூப்பிடுறீங்களா?”

நீ நிலைப்படியை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாய்: “எங்க கையில ஒரு வாய் வாங்கித் திங்காதவங்க கையில, நாங்க எப்படிங்க புள்ளயக் குடுக்கறது?”

உன் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. மழை வருமாட்டம் இருக்குது என்பதுபோலச் சொன்னாய். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. நான் தின்பதற்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். நீ திரும்பி நடந்தாய். சம்பந்தம் என்னவென்று நீ படி இறங்குவதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளத்தான் இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் நல்ல மழை. அதற்கடுத்த நாள் காலையில் உன் வீட்டுப் பக்கமிருந்து வறுக்கிற வாசனை வந்தது. எழுந்து வந்தேன். வாசலில் ஐந்தாறு பெண்கள். நீ முறத்தில் ஈசலைப் புடைத்துக்கொண்டிருந்தாய்; பறந்த இறக்கைகள் உன் கன்னத்திலும் முடியிலும் ஒட்டியிருந்தன. உன் மாமியார் சட்டியில் மிளகும் உப்பும் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் கொஞ்சம் கொடு” என்றேன்.

முறம் நின்றுவிட்டது. “நர்சம்மா, இது ஈசலுங்க.”

“தெரியுது.”

உன் மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். “உனக்கு ஒத்துக்காது சாமி. சாமச் சோறு இருக்குது, அது திங்கறியா?”

தப்பித்துக்கொள்ள அவர் திறந்துவிட்ட வழி அது. போயிருக்கலாம். சாமைச் சோறு போதுமென்றுகூடத் தோன்றியது. ஆனால் நீட்டிய கையை மடக்க மனம் வரவில்லை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்தார். சூடு. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். தொண்டை அதை மேலே தள்ளியது. நான் கீழே தள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வாயில்தான் ருசி தெரிந்தது. நெய்யில் வறுத்த நிலக்கடலை மாதிரி, அதைவிட மிருதுவாக, நடுவில் மிளகின் காரம்.

முதல் பிடி வேலைக்காகத் தின்றது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் “இன்னுங் கொஞ்சம்” என்று கேட்டேனே, அது ஈசலுக்காகவே கேட்டது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “பாத்து, எங்களுக்கும் மிச்சம் வெய்யி நர்சம்மா” என்றாய். அதற்குப் பிறகு நீ என்னை ‘வாங்க, போங்க’ என்று சொன்னதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் உன் மாமியாரே என்னைக் கூப்பிட வந்தார். “நீயும் வந்து கை வெச்சுப் பாரு சாமி. எனக்குச் சரியாப் படல.” வந்து பார்த்தேன். கால் முதலில் வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட பிரசவத்தைப் பயிற்சியில் ஒரே ஒரு முறை, அதுவும் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தேன். கீழே கொண்டுபோக நேரமில்லை.

“இழுத்துரட்டுமா?” என்று அவர் கையைக் கொண்டுவந்தார்.

“இழுக்காதீங்க ஆயா. தானா வரட்டும்.”

எத்தனையோ பிள்ளைகளை எடுத்த கை அது. நான் சொன்ன ஒரு சொல்லுக்கு நின்றது. எழுந்து போய் உன் தலைமாட்டில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். இடுப்பு வந்தது, தோள் வந்தது, பிறகு தலை நின்றுவிட்டது. நீ என் பெயரைச் சொல்லிக் கத்தினாய். அதுவரை என் பெயர் உனக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. துணியில் பிள்ளையின் உடம்பைத் தாங்கி, மெல்ல மேலே தூக்கினேன். வந்துவிட்டாள். நீலமாக, சத்தமே இல்லாமல். வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முதலில் ஒரு தும்மல், அப்புறம் அழுகை.

உன் மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைவிடச் சத்தமாக அழுதார். நீ கண்ணைத் திறந்து பிள்ளையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

“நர்சம்மா, வெடியால இருந்து நீ ஒண்ணும் திங்கலயே?”

கடுதாசியை நான் அனுப்பவில்லை. நான்கு வருஷம் உன் பக்கத்து வீட்டில் இருந்தேன். அதன்பிறகு மலையிலும் கீழேயுமாக எத்தனையோ ஊர்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு வாயாவது குடித்துவிட்டுத்தான் பையைத் திறப்பேன். கஞ்சி கொடுத்தார்கள், பன்றிக்கறி கொடுத்தார்கள், வயல் எலிகூடக் கொடுத்தார்கள். அதோடு பிள்ளைகளையும் கொடுத்தார்கள்.

இன்று காலை உன் மகளுக்கு நானே ஃபோன் செய்தேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், குரல் மட்டும் அப்படியே உன்னுடையது. அடுத்த மாதம் மலைக்கு வருகிறேன் என்றேன். “வாங்க சின்னம்மா, பஸ்ஸு ஊட்டு முன்னாலயே நிக்கும். நீங்க பத்தியமா இருப்பீங்களே, உங்களுக்கு என்ன ஆக்கி வெக்கட்டும்?” என்று கேட்டாள்.

“அன்னிக்கு உங்க ஊட்ல என்ன இருக்குதோ, அதையே போடு கண்ணு” என்றேன்.